லோகேஸ்வரியின் ஐந்து டின் மஞ்சள்

லிஃப்ட் கதவு ஐந்தாம் மாடியில் திறந்ததும் லோகேஸ்வரியின் கண்ணில் முதலில் பட்டவை தரையிலிருந்த ஐந்து துருக்கறைகள்தான். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஐந்தும் சதுரம். பதினெட்டு நாளைக்கு முன்பு அவள் புக்கிட் மெர்தாஜாமுக்குக் கிளம்பும்போது அந்தக் கறைகளின் மேல் ஐந்து எண்ணெய் டின்கள் இருந்தன. டின்களில் மண் இருந்தது. மண்ணுக்குள் மஞ்சள் இருந்தது.

மகள் காமினிக்கு இரண்டாவது பிரசவம். தைப்பூசம் முடிந்த மறுநாள் போனவள், பேத்தியைக் குளிப்பாட்டி, மகளுக்குப் பத்தியம் சமைத்துப் போட்டுவிட்டு, இடுப்பு வலியோடு இப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். கதவைத் திறக்காமல், பையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"என்ன லோகா, சாவி இல்லையா?" என்றார் பின்னால் வந்த அவள் கணவர் நல்லமுத்து. அவரும் இத்தனை நாள் மகள் வீட்டில்தான் இருந்தார்.

"டின்னு எங்க?"

நல்லமுத்து முப்பது வருஷம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரோடும் வம்புக்குப் போகாதவர். உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு ஒரு சாதுவான காரணம் கண்டுபிடித்துவிடுவார். "யாராச்சும் நகர்த்தி வச்சிருப்பாங்க லா" என்றார்.

யாரும் எதையும் நகர்த்தி வைக்கவில்லை. கதவோரம் பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை இருந்தது. மிளகாய்ச் செடிகள் இரண்டும் இருந்தன. ஐஸ்கிரீம் டப்பாவில் புதினா வாடிப்போய் இருந்தது, ஆனாலும் இருந்தது. பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் விட்டுவிட்டு, மஞ்சள் டின்களை மட்டும் யாரோ பொறுக்கி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பேச்சுச் சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு ஹபீபா பீவி கதவைத் திறந்தாள். லோகேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே குற்ற உணர்ச்சி வந்துவிட்டது.

"நான் சொன்னேன் லோகா. இது மஞ்சள், உள்ள கெழங்கு இருக்கு, அவங்க வந்ததும் கேட்டுக்கோங்கன்னு சொன்னேன். அந்த புவனேஸ்வரன் கேக்கவே இல்ல. எல்லாம் செத்துப்போச்சு, வெறும் மண்ணு, கொசு வரும்னு சொல்லி ஆளுங்கள வச்சு இழுத்துட்டுப் போயிட்டான்."

"போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பிள்ள பெத்தவ வீட்ல இருக்கிறவளுக்கு எதுக்கு வேதனைன்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை லோகேஸ்வரி படித்தாள். குடியிருப்பாளர் குழு போட்டது. செடி இல்லாத தொட்டிகள், உடைந்த சாமான்கள், பழைய சைக்கிள்கள் எல்லாம் காரிடாரிலிருந்து அகற்றப்படும், தூய்மையான ஃபிளாட்டுக்கான போட்டியில் நம் கட்டடம் கலந்துகொள்கிறது, ஒத்துழைப்புக்கு நன்றி. கீழே தலைவர் புவனேஸ்வரனின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் ஊதா மையில் குழுவின் சாப்பு. இந்த ஊரில் ரப்பர் முத்திரைக்குச் சாப்பு என்று பெயர். அது விழுந்துவிட்டால் போதும், எந்தக் காகிதத்துக்கும் மரியாதை வந்துவிடும்.

செடி இல்லாத தொட்டியாம். லோகேஸ்வரிக்குக் காது சுட்டது. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அறியாமை என்று விட்டிருப்பாள். புவனேஸ்வரன் எப்படிச் சொல்லலாம்? வருஷம் தவறாமல் ஜனவரி பத்தாம் தேதி வாக்கில் அவள் வாசலில் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவன் அவன்தானே!

கீழே மண்டபத்தில் குழு பொங்கல் வைக்கும். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருவார், மாலை போடுவார்கள், படம் எடுப்பார்கள். பானைக் கழுத்தில் கட்ட மஞ்சள் கொத்து வேண்டும். இலையும் தண்டும் கிழங்குமாக, மண் வாசனை போகாமல், முழுச்செடியாக வேண்டும். லிட்டில் இந்தியாவில் அந்த வாரம் கிடைப்பதெல்லாம் லோரியில் அடிபட்டு வதங்கி வந்த கொத்து. ஐந்தாம் மாடியிலோ கைக்கெட்டும் தூரத்தில் பச்சைப் பசேலென்று நிற்கிறது. "அக்கா, உங்க மஞ்சள் இல்லாம நம்ம ஃபிளாட்ல பொங்கலே இல்லக்கா" என்பான். அவளும் உச்சி குளிர்ந்துபோய் நல்ல கொத்தாகப் பார்த்துப் பிடுங்கிக் கொடுப்பாள். பதினோரு வருஷமாக இப்படித்தான். இந்த ஜனவரியிலும் மூன்று கொத்து வாங்கிப்போனான். கைநீட்டி வாங்கிப்போனது அதே ஐந்து டின்னிலிருந்து. ஆறு வாரத்தில் அது வெறும் மண் ஆகிவிட்டது.

அந்த மஞ்சள் அவளோடு ஒட்டிக்கொண்ட கதையைக் கேட்டால்தான் அவள் வயிற்றெரிச்சல் புரியும்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் லோகேஸ்வரி. இருட்டு விலகுமுன் தொழிற்சாலை பஸ் பிடித்து, உள்ளே போனதும் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர் போடக்கூடாது, தலையில் பூ வைக்கக்கூடாது. ஒரு தூசி விழுந்தால் ஒரு தட்டுச் சிப்பும் வீண் என்பார்கள். இருபத்தெட்டு வருஷம் தூசிக்குப் பயந்து பயந்து வேலை செய்த கைக்கு, வீட்டுக்கு வந்ததும் மண்ணைத் தொடாவிட்டால் ஆகாது. அது ஆசையா வெறியா என்று நல்லமுத்துவே குழம்பியதுண்டு.

அப்போது அவர்கள் குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டு நடுவே வானம் தெரியும் சின்ன முற்றம் உண்டு. ஒரு பொங்கலுக்கு வாங்கிய கொத்தில் மிஞ்சிய விரலளவு கிழங்கை அங்கே ஒரு உடைந்த வாளியில் ஊன்றி வைத்தாள். சித்திரை மழைக்கு அது குருத்து விட்டது. ஆடி மாதத்தில் இடுப்பளவு வளர்ந்தது. மார்கழியில் இலை மணம் மாடிப்படிவரை வந்தது. தை பிறந்தபோது சொந்த மஞ்சளைப் பானையில் கட்டினாள். அன்றைக்கு அவள் அடைந்த பெருமைக்கு அளவே இல்லை.

அப்புறம் இலை மஞ்சளித்து, ஓரம் கருகி, தண்டு சாய்ந்தது. பதறிப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். பாதிக் கிழங்கு அழுகிவிட்டது. மார்க்கெட்டில் காய்கறி விற்கும் பெண்ணிடம் போய் அழாத குறையாகச் சொன்னபோது, அவள் சிரித்தாள். தூங்குகிற பிள்ளை வாயில் சோற்றைத் திணித்தால் என்ன ஆகும், பேசாமல் விடு, மழை வந்தால் தானே எழுந்திருக்கும் என்றாள். அன்றிலிருந்து தையில் பிடுங்கியதும் தாய்க்கிழங்கை மண்ணிலேயே விட்டுவிடுவாள். காய்ந்த தண்டை அறுத்துவிட்டு, மாசி முழுக்கவும் பங்குனி பாதிவரையும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டமாட்டாள். சும்மா இருப்பதுதான் அந்த ஒன்றரை மாத வேலை. அது கஷ்டமான வேலை என்பது செடி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும்.

குயின் ஸ்ட்ரீட் வீட்டை ஒரு நாள் யாரோ வாங்கினார்கள். மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். ஹோட்டலாக மாற்றப் போகிறார்களாம், வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய வீட்டில் படுத்தால் தூக்கம் நன்றாக வருமாம். பத்தொன்பது வருஷம் அதே வீட்டில் படுத்தவர்களுக்குத் தூக்கம் போனதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? லோகேஸ்வரி சண்டை போடத் தயாராக இருந்தாள். நல்லமுத்து, "விடு லோகா, பெரிய ஆளுங்க விஷயம், நமக்கு எதுக்கு" என்றார். விட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் சாவியைக் கொடுத்தாள். தட்டுமுட்டுச் சாமானை ஏற்றிய லோரியில், மடியில் அந்த மஞ்சள் வாளியை வைத்துக்கொண்டு வந்து இறங்கிய இடம்தான் இந்த ஃபிளாட். இப்போது அந்த முற்றத்தில் ஒரு கல் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறதாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். அவள் போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பேசாமல் வந்ததை இன்றைக்கும் அவளால் மறக்க முடியவில்லை.

ஃபிளாட்டில் முற்றம் ஏது? காரிடார்தான். கைப்பிடிச் சுவருக்கும் கதவுக்கும் நடுவே மூன்று அடி. அதில் ஒரு அடி அவளுடையது. காஜா மொய்தீனின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் எண்ணெய் தீர்ந்த டின்களைக் கேட்டு வாங்கி, மேல்தகட்டை வெட்டி, அடியில் ஓட்டை போட்டாள். தேங்காய்மட்டைத் தும்பு, டீத்தூள், முட்டை ஓடு, மீன் கழுவிய தண்ணீர் என்று வருஷக்கணக்காகப் போட்டு அந்த மண்ணைக் கறுப்பாக்கினாள். காலை வெயில் வருஷத்தில் பாதி லிஃப்ட் பக்கம் விழும், பாதி மாடிப்படி பக்கம் விழும். வெயில் நகர நகர டின்களையும் நகர்த்துவாள். ஐப்பசி மழையில் மிளகாய் இலை சுருண்டு வெள்ளைப்பூச்சி வந்தால் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். தொழிற்சாலையில் நுண்ணோக்கி பார்த்த கண், எந்தப் பூச்சியும் தப்பாது.

ஹபீபாவுக்கும் அந்த மஞ்சளில் பங்குண்டு. பெருநாளுக்கு வைக்கும் ரெண்டாங் இறைச்சிக் கறிக்கு மஞ்சள் இலை வேண்டும். நோன்புப் பெருநாள் வருஷா வருஷம் முன்னால் நகர்ந்து நகர்ந்து, இப்போது மஞ்சள் தூங்கும் காலத்தில் வந்து நிற்கிறது. அதனால் மார்கழியிலேயே இலையை அறுத்து, காகிதத்தில் சுற்றி, ஹபீபா வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் அடுக்கிவிடுவார்கள். இரண்டு பெண்களும் பஞ்சாங்கத்தையும் பிறைக்கணக்கையும் சேர்த்துப் பார்த்துச் செய்யும் ஏற்பாடு அது. புவனேஸ்வரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

சரி, இதுதான் கதை. அந்த மஞ்சளைத்தான் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலையே கீழே குழு அறைக்குப் போனாள். புவனேஸ்வரன் ஐம்பது வயது ஆள். இன்சூரன்ஸ் விற்பவன், நறுவிசாக உடுத்துவான், எல்லோரையும் அக்கா, அண்ணே என்றுதான் கூப்பிடுவான். மேசைமேல் சாப்பும் மைப்பெட்டியும் சாமி படத்துக்கு முன்னால் வைத்ததுபோல் துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

"வாங்கக்கா, பேத்தி பொறந்திருக்காமே! வாழ்த்துகள்."

"என் மஞ்சள் டின்னு அஞ்சும் எங்க தம்பி?"

"அதுவா... அக்கா, இது நான் மட்டும் எடுத்த முடிவு இல்ல லா. கமிட்டி முடிவு. நோட்டீஸ் ஒட்டி பதினாலு நாள் டைம் குடுத்தோம்."

"நான் ஊர்ல இல்ல. இருந்திருந்தாலும் உன் நோட்டீஸ் எனக்குப் பொருந்தாது. செடி இல்லாத தொட்டின்னு போட்டிருக்க. என் தொட்டியில செடி இருக்கு."

"எங்கக்கா இருக்கு? நானே வந்து பார்த்தேன், வெறும் மண்ணு. போட்டோகூட எடுத்து வச்சிருக்கேன்." கைப்பேசியை நீட்டினான். படத்தில் ஐந்து டின்களும் மொட்டையாக நின்றன. "வெறும் மண்ணுக்கா இவ்வளோ சத்தம்? பசார்ல மஞ்சள் வாங்கி நானே தர்றேன், விடுங்க."

"பதினோரு வருஷம் என் வாசல்ல வந்து வாங்கிட்டுப் போனியே, அந்த மஞ்சள் எங்கருந்து வருதுன்னு ஒரு தடவையாச்சும் கேட்டியா? மரத்துலயா காய்ச்சுது?"

அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. உடனே நிமிர்ந்துகொண்டான். "அக்கா, சாப்பு அடிச்சாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. டின்னெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருச்சு."

லோகேஸ்வரி திரும்பி நடந்தாள். இன்னும் பேசினால் அழுதுவிடுவோம் என்று பயம். இந்த ஆளுக்கு முன்னால் அழுவதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்.

வெளியே வந்தபோதுதான் வாசலில் புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டிகளைப் பார்த்தாள். போட்டிக்காகப் போட்ட அலங்காரம். இரண்டு பக்கமும் வரிசையாக ஆர்க்கிட் பூக்கள், ஊதாவும் வெள்ளையும். கிட்டே போனாள். பிளாஸ்டிக். இதழ்மேல் விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசைகூடப் போகவில்லை. உயிருள்ளதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக்கை நட்டு வைத்திருக்கிறார்கள், அதுவும் தூய்மைக்கு! ஆத்திரத்தில் ஒரு பூவைப் பிடுங்கப் போனவள், அதன் காலடி மண்ணைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

கறுப்பு மண். அதில் முட்டை ஓட்டுத் துணுக்குகள். தும்பு. குயின் ஸ்ட்ரீட் முற்றத்தில் உடைந்து கிடந்த நீல ஓடுகளை அவள் பொறுக்கி வடிகாலுக்காக முதலில் வாளியடியிலும் பிறகு டின்னடியிலும் போட்டு வைத்திருந்தாள். அந்த நீலத் துண்டு ஒன்று மேலே கிடந்தது. டின்களைக் கொண்டுவந்து இங்கேதான் கவிழ்த்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பூவை நிறுத்தி வைக்க மண் வேண்டுமே, அதற்கு அவள் மண்.

திரும்ப உள்ளே போய், "அது என் மண்ணு. என் கெழங்கு அதுல இருக்கு. தோண்டி எடுத்துக்கிறேன்" என்றாள்.

புவனேஸ்வரனின் அக்காத்தனம் அத்தோடு முடிந்தது. "மே மாசம் போட்டி முடியற வரைக்கும் அதுல யாரும் கை வைக்கக்கூடாது. குழு சொத்து. கை வச்சா போலீஸ் ரிப்போர்ட் பண்ண வேண்டியிருக்கும்" என்றான்.

வீட்டுக்கு வந்து நல்லமுத்துவிடம் சொன்னாள். அவர் தண்ணீர் ஒரு கிளாஸ் கொடுத்துவிட்டு, எதிர்பார்த்தபடியே, "விடு லோகா" என்றார்.

"இன்னொரு தடவ அந்த வார்த்தைய சொல்லாதீங்க" என்றாள் அவள். "ஒரு தடவ விட்டேன். இந்தத் தடவ விடமாட்டேன்."

விடமாட்டேன் என்று சொன்னவள் மறுநாள் ஒன்றும் செய்யவில்லை. அந்த வாரமும் செய்யவில்லை. வழக்கம்போல மார்க்கெட்டுக்குப் போனாள், மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றினாள். மாசி வெயில் மண்டையைப் பிளந்தது. மனசு ஆறிவிட்டது என்று நல்லமுத்து நினைத்தார். அவள் சும்மா இருக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

பங்குனி பாதியில், ஒரு காலை, மீன் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினாள். வாசலுக்குப் போய், பிளாஸ்டிக் ஆர்க்கிட்டின் காலடியில், சிந்தாமல் சிதறாமல் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். அதற்கடுத்த நாளும்.

ஃபிளாட் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஐந்தாம் மாடி அக்காவுக்கு மூளை கலங்கிவிட்டதாம், பிளாஸ்டிக் பூவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளாம். லிஃப்டில் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ படம் எடுத்து ஃபிளாட் வாட்ஸ்அப்பில் போட்டு, விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்களைப் பக்கத்தில் அடுக்கினார்கள். புவனேஸ்வரன் வந்து, "அக்கா, என்ன இது? மீன் நாத்தம்" என்றான்.

"கை வைக்கக்கூடாதுன்னுதானே சொன்ன? நான் கை வைக்கல. தண்ணி ஊத்தக்கூடாதுன்னு நோட்டீஸ் இருக்கா? இருந்தா காட்டு. சாப்போட காட்டு."

அவனிடம் அப்படி ஒரு நோட்டீஸ் இல்லை. பிளாஸ்டிக் பூவுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று எந்தக் குழுதான் தீர்மானம் போட்டிருக்கும்?

வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து நல்லமுத்துவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. தன் மனைவியைப் பார்த்து ஊர் சிரிக்கிறது என்றதும் மனிதர் மறுநாள் காலை வாளியைத் தானே தூக்கிக்கொண்டார். "உனக்கு இடுப்பு வலி" என்று ஒரு சாக்குச் சொன்னார். அன்றிலிருந்து இருவருமாகப் போனார்கள்.

சித்திரை பிறந்து நான்காம் நாள் நல்ல மழை. கொம்தார் கோபுரமே தெரியாத அளவுக்குக் கொட்டியது. மழை விட்டு இரண்டாம் நாள் வாசலுக்குப் போன லோகேஸ்வரி, ஆர்க்கிட் தண்டுக்குப் பக்கத்தில் சுருட்டு மாதிரிச் சுருண்ட ஒரு பச்சைக் குருத்தைப் பார்த்தாள். அடுத்து ஒன்று. எதிர்வரிசையில் மூன்று. குனிந்து எண்ணினாள். பதினேழு. நடுவாசல் என்றும் பாராமல் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதுகொண்டே நல்லமுத்துவைத் திட்டினாள், மிதித்துவிடாதீங்க என்று.

மே முதல் சனிக்கிழமை போட்டி நடுவர்கள் வந்தபோது மஞ்சள் ஒன்றரைச் சாண் உயரம் வந்திருந்தது. குருத்து தள்ளியதில் பாதி ஆர்க்கிட்டுகள் சாய்ந்து, சில வேரோடு, அதாவது கம்பியோடு, வெளியே வந்து கிடந்தன. வந்தவர்களில் மூத்தவர் ரோஹானா என்ற அம்மா. பிளாஸ்டிக் பூவைத் தாண்டி நேரே மஞ்சளிடம் வந்தார். ஒரு இலை நுனியைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். முகம் மலர்ந்தது. யார் வளர்த்தது என்று மலாயில் கேட்டார்.

கூட்டத்தில் நின்றிருந்த லோகேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் புவனேஸ்வரன் முந்திக்கொண்டான். எங்கள் குழுவின் மூலிகைத் திட்டம் என்றான். கொஞ்சமும் கூசாமல் சொன்னான். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் குடியிருப்பாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம் என்று வேறு சேர்த்துக்கொண்டான்.

அந்த அம்மா தலையாட்டினார். அறுவடை முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்று சும்மாதான் கேட்டார்.

"காய்ந்த பிறகு அகற்றிவிடுவோம், புதிதாக நடுவோம்" என்றான் புவனேஸ்வரன்.

"கிழங்கையுமா?"

அவன் பக்கத்தில் நின்ற குழு உறுப்பினரைப் பார்த்தான், அவர் வானத்தைப் பார்த்தார். அப்போது லோகேஸ்வரி முன்னால் வந்தாள். மீன் வாளி இன்னும் கையில் இருந்தது. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்களிடம் பேசிப் பழகிய மலாயில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். இது என் மஞ்சள். மாசியில் தூங்கும். தூங்கியதைச் செத்தது என்று சொல்லி, நான் இல்லாத நேரத்தில் எடுத்துவந்து இதில் கொட்டினார்கள். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஊற்றுகிற பைத்தியம் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பரிசு வேண்டாம். என் செடியை எடுத்துக்கொண்டு போய் என் வாசலில் வைத்துக்கொள்கிறேன், அதை யாரும் தடுக்கக்கூடாது.

குரல் உயரவில்லை. ஆனால் குயின் ஸ்ட்ரீட்டில் விழுங்கிய வார்த்தைகளும் அதில் இருந்தன. கூட்டத்தில் ஹபீபா மட்டும் சத்தமாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

ரோஹானா அம்மா காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். புவனேஸ்வரனைப் பார்த்து, செடியை அதன் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை காஜா மொய்தீன் ஐந்து டின்களைத் தன் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். நல்லமுத்து ஓட்டை போட்டார். வெளிச்சம் இருக்கும்போதே, எல்லோரும் பார்க்க, லோகேஸ்வரி தன் மண்ணையும் மஞ்சளையும் நீல ஓட்டுத் துண்டு உட்பட அள்ளிக்கொண்டு மேலே போனாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஹபீபா புது இலையில் ரெண்டாங் செய்தாள்.

நியாயம் முழுதாகக் கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. அடுத்த மாதம் ஃபிளாட்டுக்கு ஆறுதல் பரிசு வந்தது. பசுமை வாசலுக்கு. பரிசு கட்டடத்துக்கு என்பதால் குழுவின் பெயரில்தான் வந்தது. சான்றிதழையும் போட்டியன்று எடுத்த படத்தையும் சட்டம் போட்டுக் குழு அறையில் மாட்டினார்கள். படத்தில் புவனேஸ்வரன் அவள் மஞ்சளுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறான். அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் லோகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும். மனிதன் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மேலே வந்து மிளகாய் மண்ணைக் கிளறித்தான் ஆற்றிக்கொள்வாள்.

ஜனவரி வந்தது. பத்தாம் தேதி கதவு தட்டப்பட்டது.

"அக்கா..." என்றான் புவனேஸ்வரன். பல்லைக் காட்டவில்லை. "டத்தோ வர்றார். லிட்டில் இந்தியா ஃபுல்லா தேடிட்டேன், நல்ல கொத்தே இல்ல."

உள்ளேயிருந்து நல்லமுத்து எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திவிடுவாள் என்று நினைத்தார். அவள் சாத்தவில்லை. மூலையில் கிடந்த பழைய முள்கரண்டியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நீயே எடுத்துக்க."

அவன் இஸ்திரி போட்ட காற்சட்டையோடு நின்று, தண்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். தண்டு மட்டும் கையோடு வந்தது. "உக்காந்து தோண்டு தம்பி. அது மண்ணுக்குள்ள இருக்கு" என்றாள். அவன் காரிடார் தரையில் முழங்கால் போட்டான். கரண்டியால் ஆகாமல் விரலை விட்டுத் தோண்டினான். அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசியில் கைப்பிடி அளவு கிழங்கு, வேரும் மண்ணுமாக வெளியே வந்தது. நகம் முழுக்க மஞ்சள். மூன்று கொத்து எடுக்க அவனுக்கு அரைமணி நேரம் ஆனது, சட்டை நனைந்துவிட்டது.

மூன்றாவது கொத்திலிருந்து லோகேஸ்வரி தாய்க்கிழங்கை உடைத்து அவன் கையில் வைத்தாள்.

"இத உள்ள வை. மண்ணைப் போட்டு மூடு."

வைத்தான். மூடினான். டின்னில் இப்போது மண் மட்டும்தான் தெரிந்தது.

"தம்பி, இப்ப இந்தத் தொட்டியில செடி இருக்கா, இல்லையா?"

புவனேஸ்வரன் மண்ணைப் பார்த்தான். தன் விரல்களைப் பார்த்தான். "இருக்குக்கா" என்றான் மெல்ல. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னிக்குக் கேட்டிருக்கணும். தப்புதான்" என்றான்.

"அத எழுதிக் குடு" என்றாள் அவள்.

பொங்கல் முடிந்து, தைப்பூசம் முடிந்து, மறுபடி மாசி வெயில் ஏறிவிட்டது. ஐந்தாம் மாடிக் காரிடாரில் ஐந்து எண்ணெய் டின்கள் மொட்டையாக நிற்கின்றன. பச்சை ஒரு பொட்டும் இல்லை. ஒவ்வொரு டின்னிலும் கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. 'இதில் செடி இருக்கிறது. தொடக்கூடாது' என்று புவனேஸ்வரனின் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. கீழே, ஊதா மையில், குழுவின் சாப்பு.